பத்தொன்பது கோபுரக் குடியேற்றத் திட்டம்

ரொறன்ரோ,
தை மாதம்.

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரியப்பா அவர்களுக்கு,

  

வட்டக்கச்சியிலிருந்து தாங்கள் கைப்பட எழுதி, தம்பி தொலைபேசியிற் படம்பிடித்து அனுப்பிய கடிதம் கிடைத்தது. ஆயுள் முழுவதும் வினாத்தாள் தயாரித்த கை என்பது அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. பட்டணத்தின் மத்தியில் இருக்கிறாய் என்றால் கிளிநொச்சியிலே கந்தசுவாமி கோயிலடியில் இருக்கிறாய் என்று கொள்ளலாமா, வளவு எத்தனை பரப்பு, கிணற்றுத் தண்ணீர் நன்னீரா உவர்நீரா, அயலட்டை எப்படிப்பட்டது என்றெல்லாம் வினவி, எல்லா வினாக்களுக்கும் விடை எழுதுக என்று கீழே கோடும் போட்டிருக்கிறீர்கள். எல்லா வினாக்களுக்கும் விடை எழுதும் பழக்கம் படிக்கிற காலத்திலேயே எனக்கு இருந்ததில்லை என்பதைத் தங்களைக் காட்டிலும் நன்கறிந்தவர் இல்லை, ஆயினும் முயல்கிறேன்.

வளவு என்று சொல்லத்தக்கது எனக்கும் ஒன்று உண்டு. அது பதினேழாம் மாடியில், அந்தரத்தில், ஒரு பாயை விரித்தால் மறு பாய்க்கு இடமில்லாத விஸ்தீரணத்தில், முழுக்க முழுக்கச் சீமெந்தினால் ஆக்கப்பட்டிருக்கிறது, பல்கனி என்பார்கள். அதற்கு இரும்பினாலே நிரந்தரமான வேலியும் உண்டாகையால், கதியால் நடுவதோ, கிடுகு மாற்றுவதோ, எல்லையின் பொருட்டு அயலவனோடு கோட்டுக்கு ஏறுவதோ இங்கே அவசியமாவதில்லை. எல்லை வழக்கு ஒன்றாவது இல்லாத குடும்பத்தை நம்மூரில் எவரும் பெரிதாக மதிப்பதில்லை என்பதை நினைக்கும்போது, நான் இங்கே சற்றுக் கௌரவம் குன்றித்தான் வாழ்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அத்துமீறிக் குடியேறுபவை புறாக்கள் மாத்திரமே; அவற்றின்மீது வழக்குத் தொடுக்க இந்நாட்டுச் சட்டத்தில் இடமிருப்பதாகத் தெரியவில்லை.

அந்த வளவில் நின்று பார்த்தால் சீ.என். கோபுரம் தெரிகிறது. உயரம் 553 மீற்றர். நம்மூரில் நாமறிந்த மிக உயர்ந்த கட்டடம் கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி. அதுவும் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் குப்புற விழுந்து, வருஷக்கணக்காய்ச் சுற்றுலாப் பிரயாணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பொருளாயிற்று. ஆகவே உயரமான எதையும் கண்டால் அது எந்தப் பக்கமாக விழும் என்று கணக்குப் பார்க்கிற சுபாவம் எனக்கு இன்னும் போகவில்லை. இங்குள்ளவர்கள் அந்தக் கோபுரத்தின் உச்சிக்குக் காசு கொடுத்து ஏறி, கண்ணாடித் தரையில் நின்று கீழே பார்த்து மகிழ்கிறார்கள். எனக்கு என் பதினேழாம் மாடியே போதுமானது.

இனி இந்த இடத்தைப் பற்றி. இதன் பெயர் சென்ற் ஜேம்ஸ் ரவுன். மேற்கே ஷெர்போன் வீதி, கிழக்கே பார்லிமென்ற் வீதி, தெற்கே வெலஸ்லி வீதி என்பன இதன் எல்லைகள். சாவதானமாக நடந்தாலும் சொற்ப நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய இந்தத் துண்டு நிலத்தில் மாடிக் கட்டடங்கள் பத்தொன்பது நிற்கின்றன; சில முப்பது மாடிக்கு மேற்பட்டவை. உத்தியோகபூர்வக் கணக்கின்படி இங்கே ஏறத்தாழ 17,000 பேர் வசிக்கிறார்கள்; கணக்கெடுப்பவர் கதவைத் தட்டும்போது கட்டிலுக்கடியில் இருந்தவர்களையும் சேர்த்தால் தொகை எங்கே போய் நிற்கும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. கிளிநொச்சி மாவட்டம் முழுவதிலும், அதாவது 1,279 சதுர கிலோமீற்றரிலும், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இருந்தவர்கள் 113,510 பேர். பளையிலிருந்து அக்கராயன் வரை காடும் குளமும் வயலுமாய்ப் பரந்து கிடக்கிற அந்த ஜனத்தொகையில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கை அள்ளி எடுத்து, ஒரு பெரிய கமக்காரனுடைய வயலுக்குள் ஒருவர் தலையில் ஒருவராக அடுக்கி வைத்தால் கிடைப்பதுதான் நான் வசிக்கும் பட்டினம்.

கட்டடங்களுக்குக் கனடாவின் பெரிய நகரங்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். வினிப்பெக்கிலிருந்து ஹலிபக்ஸுக்கு ஆகாய விமானத்தில் மணிக்கணக்காகப் பறக்கிறவர்களைப் பார்த்து நான் பரிதாபப்படுகிறேன். நாங்கள் அந்தத் தூரத்தைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோடைகாலத்தில் இரண்டு நிமிஷத்தில் நடந்துவிடுகிறோம். என் கட்டடம் எந்த நகரம் என்பதை மட்டும் கேட்க வேண்டாம். அதன் மின்தூக்கியைப் பற்றிச் சிறிது பின்னர் எழுத வேண்டியிருப்பதால், பெயரைத் தவிர்ப்பதே உசிதம்.

பெரியப்பா, இந்த இடத்தைத் தங்களுக்கு விளங்க வைப்பதற்கு நான் வெகுநேரம் யோசித்தேன். கோயிலடி என்றால் பொருந்தாது. சந்தையடி என்றாலும் பொருந்தாது. ஈற்றில் இது ஒரு குடியேற்றத் திட்டம் என்ற முடிவுக்கு வந்தேன். தங்கள் தகப்பனார் வலிகாமத்தில் பங்குக் கிணற்றையும் பங்குப் பனையையும் விட்டுவிட்டு, 1920ஆம் ஆண்டளவில் கட்டி முடிந்த இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி, மலேரியாவுக்கும் யானைக்கும் நடுவிலே காடு வெட்டிக் காணி பெற வந்தவர். அவருக்கு அரசாங்கம் நிலத்தைக் கிடையாக அளந்து கொடுத்தது. எங்களுக்கு இங்கே நெடுக்காக அடுக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மற்றப்படி எல்லாம் ஒன்றுதான். அங்கே முதற் காணிப் பேர்மிற் பெற்றவர்கள் அடுத்த தொகுதியினரைப் பார்த்து நேற்று வந்தவர்கள் என்றார்கள். அந்த நேற்று வந்தவர்கள், 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் மலைநாட்டிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்த குடும்பங்களைப் பார்த்து அதையே சொன்னார்கள். பேர்மிற் இல்லாமல் அந்தச் சனம் பட்ட பாட்டுக்கு நாமெல்லாம் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். தாங்கள் கோபிக்க வேண்டாம்.

இங்கேயும் அதே வரிசைதான். வெலஸ்லி வீதிக்குத் தெற்கே கபேஜ்ரவுன் என்று ஓர் அயல் இருக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில், உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் ஊரை விட்டோடி வந்த ஐரிஷ் ஏழைகள் வீட்டு முற்றத்தில் கோவா நட்டுச் சீவித்த இடம் அது. பார்த்தவர்கள் ஏளனமாக இட்ட பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இப்போது அந்தக் கோவாத் தோட்ட வீடுகளில் ஒன்றை வாங்குவதற்கு ஒரு மில்லியன் டொலரும் போதாது. எங்கள் கோபுரங்கள் 1960களில் எழும்பியபோது, விவாகமாகாத இளம் உத்தியோகத்தர்கள் நீச்சற் தடாகமும் நிலவொளியுமாக உல்லாசமாய் வசிப்பதற்கென்றே விளம்பரம் செய்யப்பட்டனவாம். அவர்களுக்கு விவாகமாயிற்றோ, அல்லது தடாகத்தில் தண்ணீர் வற்றிற்றோ, எப்படியோ அவர்கள் போனார்கள்; பிலிப்பைன்ஸ்காரர் வந்தார்கள், நம்மவர் வந்தார்கள், நேபாளத்தார் வந்தார்கள், எத்தியோப்பியர் வந்தார்கள்.

நம்மவர் வந்த கதை தங்களுக்குத் தெரிந்ததே. 1986ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீன்பிடிகாரர்கள் கண்டு காப்பாற்றிய செய்தி அக்காலத்தில் உலகமெங்கும் பேசப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் வந்திறங்கிய நம்மவரில் எத்தனையோ பேர் ரொறன்ரோவில் முதன்முதல் பெட்டியை இறக்கிவைத்த இடம் இந்த வெலஸ்லிச் சுற்றுவட்டாரமே. ஓர் அறையில் எட்டுப் பேர், பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் இரவு வேலைக்காரன் படுப்பது, ஒரு குளிரங்கியை முறைவைத்து மூவர் அணிவது என்று அவர்கள் சொல்லும் புராணங்கள் அநேகம். பின்பு அவர்கள் ஸ்காபரோவில் வீடு வாங்கினார்கள். அங்கிருந்து மார்க்கம், ஏஜக்ஸ் என்று மேலும் தூரத்தில் மேலும் பெரிய வீடு வாங்கினார்கள்.

அவ்வாறு போனவர்களில் ஒருவர் நம் சின்ன மாமா. என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அவருடைய முகத்தில், பாலர் வகுப்பில் இன்னும் இருக்கிற பிள்ளையைக் காணும் பெரியவருடைய இரக்கம் தோன்றும். 'இன்னும் டவுன்ரவுனிலேயா இருக்கிறாய்?' என்பார். 'நாங்களும் இருந்தனாங்கள்தான்' என்பார். தாம் இருந்த கட்டடத்தை அண்ணாந்து பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். அப்பெருமூச்சு துயரத்தால் எழுந்ததா, இளமை போயிற்றே என்ற ஏக்கத்தால் எழுந்ததா என்பதை நான் ஆராய்ந்து முடிப்பதற்குள், வாகனத்தை நிறுத்திய இடத்தில் தண்டச் சீட்டு விழுந்திருக்குமென்ற பயத்தால் இறங்கி ஓடிவிடுவார். அநேகமாக விழுந்துமிருக்கும்.

நான் தனியே இல்லை. இது பெரியம்மாவின் மன ஆறுதலுக்காக. ஒரு படுக்கையறை கொண்ட வீட்டில் மூவர் இருக்கிறோம்: முள்ளியவளையார் ஒருவர், நெடுங்கேணியார் ஒருவர், நான். முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களும் ஓரறைக்குள் அடங்கி, வன்னிப் பெருநிலப்பரப்பு என்று புவியியற் புத்தகத்தில் தாங்கள் படிப்பித்த பிரதேசத்தின் பெரும்பகுதி ஒரே குளிர்சாதனப் பெட்டியைப் பகிர்ந்துகொள்ளுகிறது. வாடகையை ரூபாயிற் பெருக்கிப் பார்க்க வேண்டாம். பார்த்தால் அந்தத் தொகைக்குப் பரந்தனில் எத்தனை பரப்பு வாங்கலாமென்ற சிந்தனை தோன்றி நித்திரையைக் கெடுக்கும். எங்களில் நெடுங்கேணியார் முன்னே வந்தவர். ஆகவே, சென்ற கிழமை வந்திறங்கிய ஒரு மாணவன் மின்தூக்கியில் எந்தப் பொத்தானை அழுத்துவதென்று தெரியாமல் தடுமாறியபோது, 'நேற்று வந்ததுகள்' என்று அவர் மெல்லிய குரலில் மொழிந்தார். குடியேற்றத் திட்டம் முறைப்படி நடைபெறுகிறது.

மின்தூக்கி என்றேன். கட்டடத்தில் மூன்று உண்டு. ஒன்று திருத்தப்பட்டுக்கொண்டிருக்கும், ஒன்று திருத்தப்படுவதற்காகக் காத்திருக்கும், எஞ்சிய ஒன்றில், காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், சக்கர நாற்காலி முதியவரும், குட்டிக்கன்று அளவான ஒரு நாயும், உடுப்பு மூட்டையுடன் நானும் ஏறி, மாடிக்கு மாடி கதவு திறக்க, வெளியே நிற்பவர்கள் உள்ளே நிற்பவர்களை நோக்க, உள்ளே நிற்பவர்கள் கூரையை நோக்க, ஒருவரும் ஏற முடியாமல் கதவு மூட, இவ்வாறாகப் பூமியை வந்தடைவோம். பதினேழு மாடியையும் காலால் ஏற நேர்ந்த நாட்களும் உண்டு. அப்படியான ஒரு நாளில் ஒன்பதாம் மாடிப் படிக்கட்டில் இளைப்பாறியபோதுதான் அக்கம்பக்கத்தார் பலரை முதன்முதலாகப் பரிச்சயம் செய்துகொண்டேன். ஆதலால் மின்தூக்கி பழுதாவது அயலுறவுக்கு நல்லது என்ற ஒரு கொள்கையும் எனக்கு உண்டு.

கிணறு பற்றிய தங்கள் வினாவுக்கு: குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர், நன்னீர்தான். ஆனால் உடுப்புத் தோய்ப்பது நிலவறையில். அங்கே இயந்திரங்கள் சில, அவற்றுக்கு வாடிக்கையாளர் பலர். சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீரைப் பங்கிடுவதற்குக் கமக்கார அமைப்புக் கூடினால் எவ்வளவு சொற்போர் நிகழுமோ, அவ்வளவும் இங்கே மௌனமாக நிகழும். ஒருவருடைய உடுப்புச் சுற்றி நின்றபின் ஐந்து நிமிஷம் வரையில் பொறுப்பது மரியாதை; அதன்மேல் அதனை வெளியே எடுத்து மேசைமீது வைப்பது உரிமை; வைத்தவர் யார் என்று கேளாதிருப்பது நாகரிகம். இந்தச் சட்டத்தை எவரும் எழுதி ஒட்டவில்லை. ஏழெட்டுப் பாஷை பேசுகிறவர்கள் ஒரு பாஷையும் பேசாமலே இதனை ஆக்கிக்கொண்டார்கள்.

குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெளியே சில இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை வரை இறங்கும். ஆனால் குளிர்காலத்தில் வீட்டினுள்ளே 21 பாகைக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டுமென்று வீட்டுக்காரருக்கு மாநகரச் சட்டம் விதித்திருக்கிறது. ஆகவே உள்ளே சாரமும் பெனியனுமாக இருந்து புட்டும் சம்பலும் உண்கிறோம். வெளியே போவதென்றால் போர்க்களம் போகும் ஆயத்தம் வேண்டும். எல்லாவற்றையும் அணிந்து, சப்பாத்தையும் கட்டி முடித்தபின்னரே திறப்பு எங்கே என்ற பிரச்சினை தோன்றும்.

அயலட்டை என்ற வினாவுக்கு விரிவாக விடை எழுதுகிறேன், ஏனெனில் இது மாத்திரமே எனக்கு நன்கு தெரிந்த பாடம். வந்த புதிதில் ஒருநாள் முள்ளியவளையார் ஊரிலிருந்து வந்த கருவாட்டைப் பொரித்தார். முதலில் கூரையிலுள்ள புகை மணி கூவிற்று. அடுத்து வாசற்கதவு தட்டப்பட்டது. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, முறைப்பாடு வந்துவிட்டது, இனி வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று தீர்மானித்துக் கதவைத் திறந்தால், எதிர்வீட்டுப் பிலிப்பைன்ஸ் அம்மா கையில் ஒரு பொட்டலத்துடன் நிற்கிறார். பொட்டலத்திலும் கருவாடு. மணம் பிடித்து வந்தாராம். இது எந்தக் கடலின் மீன், எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட பின், தம் நாட்டுக் கருவாடு ஏன் அதனிலும் மேலானது என்பதை விஸ்தாரமாக விளக்கினார். முல்லைத்தீவுக் கடலை எவரும் குறைத்துப் பேசினால் முள்ளியவளையாருக்குப் பொறுக்காது. விவாதம் இன்னும் முடியவில்லை. கருவாடு மாத்திரம் இரு திசையிலும் போய்வந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பிலிப்பைன்ஸ் அம்மா சொல்லித்தான் 2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்துத் தீயைப் பற்றி விவரமாக அறிந்தேன். பார்லிமென்ற் வீதியில் 650ஆம் இலக்கக் கட்டடத்தில் மின்சாரக் கோளாறினால் தீப்பிடித்து, ஏறத்தாழ 1,500 பேர் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர்களால் திரும்பிவர முடியவில்லை. அவர்கள் பாய் தலையணையோடு பொதுமண்டபத்தில் படுத்ததையும், பின்பு விடுதி விடுதியாக மாறியதையும், தன் சிநேகிதி ஒருத்தி வீட்டுச் சாமி படத்தை எடுத்துவரவில்லையே என்று அழுததையும் அந்த அம்மா எங்களுக்கு இடப்பெயர்வு என்றால் என்னவென்று தெரியாது என்ற எண்ணத்தில் மிகப் பொறுமையாக எடுத்துரைத்தார். நாங்கள் மூவரும் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம். முடிவில் நெடுங்கேணியார், 'திரும்பி வந்தபோது சாமான்கள் இருந்தனவா?' என்று மட்டும் கேட்டார்.

பார்லிமென்ற் வீதியைக் கடந்தால் சென்ற் ஜேம்ஸ் மயானம். 1844ஆம் ஆண்டு தொடக்கம் உள்ளது. மயானத்துக்கு எதிரே குடியிருக்கலாமா என்று பெரியம்மா கேட்பார் என்பது தெரியும். இந்தச் சுற்றாடலில் விசாலமான காணியும், பெருமரங்களும், ஆளுக்கொரு தனி எல்லையும் உடையவர்கள் மரித்தவர்கள் மாத்திரமே. அவர்களால் எங்களுக்கு எவ்வித சத்தமுமில்லை. சத்தமெல்லாம் உயிரோடிருப்பவர்களுடையது: அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பொலிஸ் வண்டி என்று இரவு முழுவதும் மாறி மாறி ஓலமிடும். ஷெர்போன் வீதியில் வீடற்றவர்கள் குளிரில் நடைபாதையிலே கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. இத்தனை செல்வம் கொழிக்கிற நகரத்துக்கு அது அழகல்ல.

என் உத்தியோகத்தைப் பற்றி ஊரில் தாங்கள் சொல்லிவருவது பொய்யல்ல. கனடாவின் பெரிய வங்கிகளின் கோபுரங்கள் நிற்கும் பே வீதியிலேதான் எனக்கு வேலை. தினமும் மாலையில், அங்குள்ள கனவான்கள் ரயிலுக்கு ஓடும் நேரத்தில், நான் நிதானமாக உள்ளே பிரவேசித்து, அவர்களுடைய மேசைகளைத் துடைத்து, குப்பைத் தொட்டிகளைப் பரிசோதிக்கிறேன். இந்நாட்டின் பொருளாதார நிலையைக் குப்பைத் தொட்டியிலிருந்து ஊகித்தறியும் வித்தை எனக்குக் கைவந்துவிட்டது: விலையுயர்ந்த கோப்பிக் கிண்ணங்கள் குறைந்தால் நிலைமை சரியில்லை. அந்தக் கோபுரங்களின் கீழே 30 கிலோமீற்றருக்கு மேல் நீளமான நிலக்கீழ் நடைபாதை ஒன்று கடைகளோடு பின்னிக் கிடக்கிறது. பனி பொழியும் நாளில் அதனுள் நுழைந்தால் வெளியேறும் வழி தெரியாமல் முறிகண்டிப் பிள்ளையாரைத்தான் நினைக்க வேண்டும். வேலை முடிந்து முக்கால் மணித்தியாலத்துக்குள் நடந்தே வீடு சேர்கிறேன். ஏஜக்ஸில் மாளிகை கட்டியிருக்கும் சின்ன மாமா தம் வேலை முடிந்தபின் அவ்வளவு நேரமும் நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருப்பார்.

கடைசியாக, தாங்கள் நம்பமாட்டாத ஒரு சங்கதி. கபேஜ்ரவுனுக்குள் மாநகரசபையே நடத்தும் ரிவர்டேல் பண்ணை இருக்கிறது. முன்பு மிருகக்காட்சிச்சாலையாக இருந்த இடம்; 1978இல் பண்ணையாக மாற்றினார்கள். சிங்கமும் கரடியும் இருந்த இடத்தில் இப்போது பசு, ஆடு, பன்றி, கோழி ஆகியவற்றை வைத்திருக்க, பட்டணத்துப் பிள்ளைகள் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து அதிசயத்தோடு பார்க்கிறார்கள். பசு சாணமிட்டபோது எழுந்த ஆரவாரத்தை நான் காதாற் கேட்டேன். ஏ-9 வீதியின் நடுவே படுத்திருந்து, யாழ்ப்பாண பஸ் எத்தனை முறை ஹோர்ன் அடித்தாலும் அசையாமல் அசைபோடும் நம் பசுக்களுக்கு இந்தக் கீர்த்தி கிடைக்கவில்லையே என்று வருந்தினேன். இதேபோல அலன் தோட்டத்தில் 1910ஆம் ஆண்டு கட்டிய கண்ணாடி மாளிகைக்குள் வாழையையும் தென்னையினத்து மரங்களையும் வெப்பமூட்டி வளர்க்கிறார்கள். பிரவேசக் கட்டணம் இல்லை. நம் கிணற்றடியில் கழிவுநீரைக் குடித்து வளர்கிறவற்றுக்கு இங்கே அரச மரியாதை.

ரக்கூன் என்றொரு பிராணி இரவில் வந்து குப்பைத் தொட்டிகளைக் கவிழ்க்கிறது. அதனைத் தடுப்பதற்காக மாநகரசபை 31 மில்லியன் டொலர் செலவில், 2016 முதல் வீடுவீடாகப் பூட்டுள்ள தொட்டிகளை வழங்கிற்று; சில ரக்கூன்கள் அந்தப் பூட்டையும் திறக்கப் பழகிவிட்டன என்று பத்திரிகைகள் எழுதின. யானை வேலிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் நம் கமக்காரர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

ஊருக்கு வந்துள்ள நம் ஆள் ஒருவர் மாசி முடிவில் திரும்புகிறார். அவரிடம் வறுத்து இடித்த மிளகாய்த்தூளும், பெரியம்மா கையால் போட்ட மோர்மிளகாயும், முல்லைத்தீவுக் கருவாடு இரண்டு பொட்டலமும் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். இரண்டாவது பொட்டலம் எதிர்வீட்டு அம்மாவுக்கு. அந்த அம்மாவுக்கு வயது அறுபத்தைந்து, பேரப்பிள்ளைகள் நால்வர் என்பதைக் கருவாட்டுக்குச் சொல்வதற்கு முன்பாகவே பெரியம்மாவுக்குத் தெரிவித்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள பெறாமகன்.